கரண்டிமூக்குக்கு அத்தாட்சி

அந்தக் காலத்தில் அரிய பறவை வந்த சேதி 15 காசு அஞ்சலட்டையில் வரும். வேதாரண்யத்தில் போட்டது மாயவரம் வந்துசேர மூன்று நாள் ஆகும். அதைப் படித்து, ஆபீசில் லீவு சொல்லி, ஆள் சேர்த்து, ரயிலேறிப் போய் இறங்குவதற்குள் அந்தப் பறவை யாழ்ப்பாணத்தையும் தாண்டியிருக்கும். அதற்காக நாங்கள் யாரும் வருத்தப்பட்டதாக நினைவில்லை. தேடிப்போனது இல்லாவிட்டால் வேறொன்று இருக்கும். எதுவுமே இல்லாவிட்டாலும் வேதாரண்யத்தில் இட்லி இருந்தது.

அகில இந்தியச் சேதிகள் இதைவிட நிதானமானவை. ஜாபர் ஃபுடேஹல்லி 1959இல் தொடங்கிய ‘நியூஸ்லெட்டர் ஃபார் பேர்ட்வாட்சர்ஸ்’ எங்கள் வாத்தியாருக்குத் தபாலில் வரும். போன ஐப்பசியில் எவரோ எங்கோ கண்டது இந்த ஆனியில் அச்சாகியிருக்கும். வாத்தியார் அதைச் சுடச்சுடச் செய்தி போல வாசித்துக் காட்டுவார். நாங்களும் “அடடே” என்போம்.

வாத்தியார் என்றால் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்தியவர். எங்கள் குழுவில் பைனாகுலர் வைத்திருந்த ஒரே ஆள். ரஷ்யத் தயாரிப்பு, தலையில் விழுந்தால் ஆள் பிழைப்பது கஷ்டம். அது போதாதென்று, சாலிம் அலியும் ரிப்ளியும் பத்துத் தொகுதிகளாக எழுதியதை ஒரே அட்டைக்குள் அடைத்து 1983இல் வெளியிட்ட கையேட்டை பிளாஸ்டிக் தாளில் சுற்றி மஞ்சள்பையில் கொண்டுவருவார். அதை யார் தூக்குவது என்பதுதான் பயணத்தின் முதல் சச்சரவு. வங்கியில் காசாளராக இருந்த நண்பர் ஒருவர், பணக்கட்டு எண்ணிய கை என்ற காரணத்தைச் சொல்லித் தப்பித்துக்கொள்வார். கடைசியில் வயதில் இளையவன் என்று என் தலையில்தான் விழும்.

கோடிக்கரைக்குத்தான் போவோம். சோழநாடு முழங்கையை மடித்து நீட்டிய இடம் அது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. வடக்கே பனி விழத் தொடங்கியதும் கிழக்குக் கரையைப் பிடித்துக்கொண்டு தெற்கே இறங்கும் பறவைகளுக்கு இந்த இடத்தில் தரை முடிந்துபோகிறது. சில, வேதாரண்யம் சதுப்பிலும் உப்பளங்களிலும் மாசி பங்குனிவரை தங்கிவிடும். சில, காட்டுக்குள் ஒன்றிரண்டு நாள் இளைப்பாறித் தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டு இலங்கைக்குத் தாண்டும். உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் ஆவணியிலேயே வரத் தொடங்கிவிடும். காட்டுப் பறவைகள் புரட்டாசி, ஐப்பசியில். அதாவது சரியாக அடைமழைக் காலத்தில். பறவைக்கு வானிலை தெரியும் என்கிறார்கள், எங்களுக்குத் தெரியாது. நனைந்த வேட்டியும் கொசுவும் காலை விடாத சேறும் இல்லாமல் கோடிக்கரையை நினைக்க என்னால் முடியாது.

வெளிமான்களுக்காக 1967இல் அதைச் சரணாலயம் ஆக்கினார்கள். நாங்கள் மான்களைத் திரும்பியும் பார்த்ததில்லை. ‘பொன்னியின் செல்வ’னைப் படித்துவிட்டுப் பூங்குழலியைத் தேடி வருகிறவர்களும் உண்டு. அவர்கள் குழகர் கோயிலைப் பார்த்துவிட்டு, சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட கலங்கரை விளக்கத்தின் இடிபாட்டருகே நின்று பெருமூச்சு விடுவார்கள். 2004 சுனாமி அந்த இடிபாட்டையும் கொண்டுபோய்விட்டது. நாங்கள் மட்டும் சேற்றைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருப்போம். ஊர்க்காரர்கள் எங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல், கடைசியில் பம்பாய்க்காரர்களோடு சேர்த்துவிட்டார்கள்.

பம்பாய்க்காரர்கள் என்றால் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார். அங்கே அவர்களுக்கு ஒரு நிலையம் இருந்தது. பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, விட்டுவிடுவது அவர்கள் வேலை. பிடித்ததை எதற்கு விட வேண்டும் என்பது டீக்கடையில் பல நாள் விவாதிக்கப்பட்ட விஷயம். கடைக்காரர் என்னிடமே கேட்டார்: “ஏண்ணே, சம்பளம் குடுத்துப் புடிக்கச் சொல்லி, புடிச்சதத் தெறந்து விடச் சொல்றாங்களே, அந்தக் கம்பெனி எப்புடிண்ணே ஓடுது?”

பிடிக்கிறவர்கள் பீகாரிலிருந்து வந்த மீர்ஷிகார்கள். பரம்பரை பரம்பரையாகப் பறவை பிடித்த குடி. அவர்களில் பெயர்பெற்றவர் அலி ஹுசைன். சேற்றோரம் கண்ணி வரிசையை நட்டுவிட்டு, மேயும் பறவைகளை விரட்டாமல், பறக்கவிடாமல், நடந்தே கண்ணிக்குள் போகும்படி ஓட்டிச்செல்லும் வித்தை அவர்களுடையது. வாத்தியார் அதைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பிரேயருக்கு ஓட்ட இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்.

ஒரு கொசு உள்ளானுக்கு வளையம் போடுவதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். துணிப்பையோடு தராசில் தொங்கவிட்டு எடை பார்த்தார்கள். இருபது கிராம், இருபத்தைந்து கிராம், அவ்வளவுதான். பிறகு இரண்டு விரல்களுக்கு நடுவே கழுத்து வரும்படி பிடித்துக்கொண்டு, அடிக்கோலில் இறக்கையை வைத்து அளந்தார் அந்த ஆய்வாளர். அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு மறக்காதது. பறவையை மல்லாத்தி, அதன் மார்பு இறகில் ‘பூ’வென்று ஊதினார். இறகு விலகித் தோல் தெரிந்தது. தொண்டைக்குக் கீழே தோலுக்கடியில் வெளிர்மஞ்சளாகக் கொஞ்சம் கொழுப்பு. சைபீரியத் துந்திரத்திலிருந்து வந்துசேர்ந்தபின் மிச்சமிருக்கும் எரிபொருள் அது; இன்னும் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாமாம். குறித்துக்கொண்டார். குறடால் வளையத்தை நெருக்கினார். ‘பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்கவும்’ என்று ஆங்கிலத்தில் பொறித்து, கூடவே ஒரு எண். கையைத் திறந்ததும் அது போன திசையைப் பார்க்கக்கூட எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

அந்த வளையம் பேச வேண்டுமானால் பறவை மறுபடி யார் கையிலாவது அகப்பட வேண்டும். பெரும்பாலும் செத்துத்தான் அகப்படும். சோவியத் நாட்டில் ஒரு வேட்டைக்காரர் சுட்டுத் தின்றுவிட்டுக் காலை மட்டும் பார்த்துக் கடிதம் எழுதினால், இங்கே விஞ்ஞானிகளுக்குச் சந்தோஷம். கரையோர ஊர்களில் உள்ளானைச் சட்டியில் போடுகிறவர்களும் அப்போது இருந்தார்கள். எந்த வாரம் எது வந்திறங்கியது என்று நியூஸ்லெட்டரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வாத்தியார் அவர்களைக் கண்டால் முகம் சுளிப்பார். ஆனால் சேதி கேட்காமல் வரமாட்டார்.

சரி, இப்போது எப்படி என்றால், சேதி ஓட்டமாய் ஓடுகிறது. பறவை கிளையில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் வாட்ஸாப் குழுவில் படம், கீழே லொகேஷன், அதற்கும் கீழே இருபது கைதட்டல். சென்னையிலிருந்து இரவே கார் கிளம்பிவிடுகிறது. ஈசிஆரில் விடியவிடிய ஓட்டி, பொழுது புலரும்போது கோடிக்கரைக் காட்டுக்குள் நிற்கிறார்கள். கும்பிடு போடுவதற்குக்கூடக் கையில்லாமல் ஆளுக்கொரு பீரங்கி லென்ஸ். பைனாகுலர் வைத்திருப்பவர்தான் அங்கே விசித்திரப் பிறவி.

ஓர் ஐப்பசியில் தங்கை மகளோடு போயிருந்தேன். ஆறுமணிக் குருவி வந்திருந்தது. அது அரிதொன்றுமில்லை, ஒவ்வொரு வருஷமும் இமயமலை அடிவாரத்திலிருந்தும் வட, மத்திய இந்தியக் காடுகளிலிருந்தும் இரவிரவாகப் பறந்து வருவது. வழியில் விளக்கொளியில் குழம்பி, சென்னை வீடுகளின் கண்ணாடி ஜன்னலில் மோதிக் குளியலறையில் விழுந்துகிடக்கும். அப்போதெல்லாம் “பச்சை நீலம் சிவப்பா ஒரு குஞ்சு, வால் வெட்டுப்பட்டிருக்கு” என்று யாராவது பதறிப் போன் செய்வார்கள். அதற்கு வாலே அவ்வளவுதான். அன்றைக்குக் காட்டில் அந்தக் குருவியைச் சுற்றி அரைவட்டமாக ஒரு கூட்டம். ஒருவர் மொபைலில் அதன் கூவலையே போட்டார். வாடகைக்குக் குடிவந்த வீட்டில் இன்னொருத்தன் குரல் கேட்டதுபோல அது வெளியே ஓடிவந்து பார்த்தது. படபடவென்று ஷட்டர். “இலை மறைக்குதுங்க, கொஞ்சம் இந்தப் பக்கம் வராதா?” என்றார் பின்வரிசைக்காரர். வந்து நின்றது. அவரும் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்: “இதுக்குப் பேரு என்னங்க?”

இதைச் சொல்லி நான் பழங்கதை பாடிவிட முடியாது. அந்தக் காலத்தில் எங்களுடைய பறவைகளுக்கு வாத்தியார் வைத்ததுதான் பெயர். மணல் உப்புக்கொத்தியில் சிறியது, பெரியது என்று இரண்டு உண்டு. சேற்றில் தூரத்தில் நிற்பது எது என்பது அவர் அன்றைக்குக் காப்பி குடித்தாரா என்பதைப் பொறுத்தது. மறுத்துப் பேசப் பைனாகுலர் வேண்டும்; அது அவர் கழுத்தில் கிடந்தது. இப்போது அந்தச் சின்னதையே சைபீரியன், திபெத்தன் என்று இரண்டு இனமாகப் பிரித்துவிட்டார்கள். என் தங்கை மகள் படத்தைப் பெரிதாக்கி, அலகின் நீளத்தையும் காலையும் நெற்றியையும் பார்த்து, ‘இது தெரியாது, தெரியாது என்றே போடுகிறேன்’ என்கிறாள். தெரியாது என்று ஒரு பறவையைப் பதிவு செய்யலாம் என்பதே எங்கள் தலைமுறைக்குத் தோன்றாத விஷயம். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலியும் அவளிடம் இருக்கிறது. நாங்கள் வாத்தியாரைத்தான் அப்படிப் பயன்படுத்தினோம். பேட்டரி மட்டும் தீராது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட மனசில்லை. அப்போது சேதி கிடையாது, பறவை இருந்தது. உப்பளக் கரையில் யாராவது தும்மினால் வானத்தில் ஒரு பாதி எழும்பி, திரும்பி, வெள்ளையாகி, மறுபடி கறுத்து உட்காரும். லட்சக்கணக்கில் என்று கழகத்தார் எண்ணினார்கள். நாங்கள் எண்ணவில்லை, அண்ணாந்து பார்த்துக்கொண்டு மட்டும் நின்றோம். இன்று கோடிக்கரைக்கு 2002இல் கிடைத்த ராம்சர் பட்டம் இருக்கிறது; தமிழ்நாட்டில் அந்தப் பட்டம் வாங்கிய முதல் நீர்நிலைப் பகுதி அதுதான். அகஸ்தியம்பள்ளிவரை அகல ரயில் 2023இல் வந்துவிட்டது. உள்ளான் கூட்டம்தான் குறைந்துபோனது. நல்ல தண்ணீர் வரத்துக் குறைந்து சதுப்பில் உப்பு ஏறிப்போனதும், அதனால் சேற்றுக்குள் இரை அற்றுப்போனதும் காரணம் என்று ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வந்து காட்டையும் சாய்த்துவிட்டுப் போனது. பட்டம் வாங்கியபின் படிப்பை விடுவது நம் ஊரில் புதிதில்லை.

எண்ணிக்கை குறையக் குறைய, மிஞ்சிய பறவைகளுக்குத் தனித்தனி மரியாதை வந்துவிட்டது. நாகாலாந்தில் 2013இல் மூன்று அமூர் வல்லூறுகளின் முதுகில் சிறு கருவியைக் கட்டி, நாகா, பாங்டி, வோக்கா என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அவை இந்தியாவைக் கடந்து, அரபிக் கடலைக் கடந்து, ஆப்பிரிக்கா போனதைச் செயற்கைக்கோள் வழியாக வீட்டிலிருந்தபடியே பார்க்க முடிந்தது. ‘இன்றைக்கு எங்கே இருக்கிறாள்?’ என்று மக்கள் விசாரித்தார்கள். துபாயில் வேலை பார்க்கும் பிள்ளையைக்கூட நாம் அப்படி விசாரிப்பதில்லை.

அரிய பறவை என்றதும் எனக்கு இலங்கையின் நுவரெலியா ஞாபகம் வரும். விக்டோரியா பூங்கா, மகாராணியின் வைரவிழாவுக்காக 1897இல் வைத்தது. இமயமலையில் குஞ்சு பொரிக்கும் பைட் த்ரஷ் என்ற கறுப்பு வெள்ளைப் பூங்குருவியும், காஷ்மீர் பக்கத்துக் காடுகளில் மட்டுமே குஞ்சு பொரிக்கும் காஷ்மீர் ஈப்பிடிப்பானும், நம்ம ஆறுமணிக் குருவியும், மூன்றுமே குளிர்காலத்துக்கு அங்கே வந்துசேரும். உலகமெங்குமிருந்து ஆட்கள் அதற்காகவே பறந்து வருகிறார்கள். பூங்காவில் ரோஜாப் பாத்திகள், வெட்டிவிட்ட புல், நல்ல பாதைகள் எல்லாம் உண்டு. பறவைகளுக்கு அதில் ஒன்றும் பிடிக்கவில்லை. பூங்காவின் ஓரமாக ஓர் அழுக்கு ஓடை ஓடுகிறது; பிளாஸ்டிக் பையும் சாக்கடை வாடையுமாக. அங்கேதான் சாயங்காலம் இறங்குகின்றன. அழுகிய இலையும் ஈரமும் புழுவும் எங்கேயோ அங்கே தானே அவற்றுக்குச் சாப்பாடு. நாங்கள் ஆயிரம் டாலர் பைனாகுலர்காரர்களோடு தோளுரசிக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கூட்டிக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர், மலையகத் தமிழர், எங்களைப் பார்த்துத் துடைப்பத்தால் காட்டினார்: “அங்க இல்லீங்க ஐயா. குப்பைக்குக் கிட்ட நில்லுங்க, வரும்.” வந்தது. ஐரோப்பியர் ஒருவர் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, ஓடையைச் சுத்தம் செய்யக் கூடாதா என்று வழிகாட்டியிடம் கேட்டார். வழிகாட்டி அரண்டுபோனார். “ஐயய்யோ, சுத்தம் பண்ணிட்டா எங்க பொழைப்புப் போயிடும்” என்று தமிழில் எங்களிடம் சொல்லிவிட்டு, அவரிடம் வேறு எதையோ ஆங்கிலத்தில் சொன்னார்.

வாத்தியாருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. கண் முன்போல இல்லை. அவருடைய பழைய நோட்டுகளை என் தங்கை மகள் வாங்கிவந்து, ஒவ்வொரு பக்கமாக ஈபேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். பள்ளிக்கூடக் கோடு போட்ட நோட்டு, ஊதா மை. ஏற்றும்போது ஒரு நாள் தடுக்கியது. 1980களில் ஓர் ஐப்பசிப் பக்கம், கோடிக்கரை, கரண்டிமூக்கு உள்ளான், ஒன்று.

கரண்டிமூக்கு உள்ளான் என்றால் இன்று பறவைக்காரர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில் குஞ்சு பொரிப்பது, உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம். அந்தக் காலத்தில் கோடிக்கரைக்கு வந்துகொண்டிருந்தது உண்மை, ஆர். சுகதன் அதைப் பற்றிக் கழகத்தின் இதழில் 1985இல் எழுதியிருக்கிறார். அதனால் வாத்தியார் பார்த்திருக்கலாம். பார்த்திருக்காமலும் இருக்கலாம். குளிர்கால இறகில் அது கொசு உள்ளான் போலவேதான் இருக்கும், கொஞ்சம் வெளுப்பு. பக்கவாட்டில் நின்றால் கரண்டி தெரியவே தெரியாது. நேருக்கு நேர் திரும்பினால்தான் மூக்கு நுனி தட்டையாக விரிந்திருப்பது தெரியும்.

இரண்டு நாளில் மின்னஞ்சல் வந்துவிட்டது. பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர், மிக மரியாதையாக எழுதியிருந்தார். மிக அரிய பதிவு, மகிழ்ச்சி, புகைப்படம் உண்டா, இல்லையென்றால் கொசு உள்ளான் அல்ல என்பதை எதை வைத்து முடிவு செய்தீர்கள், உடனிருந்தவர்கள் யார். கேள்விகளின் தோரணையைப் பார்த்தால் அந்த நோட்டைவிட வயதில் சிறியவர் என்று பட்டது.

உடனிருந்தவர்களில் நான் ஒருவன். அன்றைக்கு வாத்தியார் பைனாகுலரை வெகுநேரம் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. “தம்பி, கொஞ்சம் இரு, கொஞ்சம் இரு” என்றார். ஒருவழியாக என் கைக்கு அது வந்தபோது கூட்டம் மொத்தமும் எழும்பிவிட்டது. ஆகவே நான் பார்த்தது வாத்தியாரின் முதுகை மட்டுமே. காசாளர் நண்பர் தானும் பார்த்ததாகச் சொல்கிறார். ஆனால் அவர் கணக்கை எடுத்துக்கொண்டால் கோடிக்கரையில் பெங்குவினும் பார்த்திருக்கிறார்.

வாத்தியாருக்குப் போன் போட்டாள். “அத்தாட்சியா? அதுகிட்டயே கேட்டுக்கச் சொல்லும்மா” என்று வைத்துவிட்டார். பத்து நிமிஷம் கழித்து அவரே கூப்பிட்டார். எழுதிக்கொள்ளச் சொன்னார். கூட்டத்தில் ஒன்று மட்டும் தலையைத் தூக்காமல் மேய்ந்ததையும், தண்ணீரில் மூக்கை இடதும் வலதுமாகத் துழாவியதையும், ஒருமுறை நேரே திரும்பியதையும், அப்போது நுனி தட்டையாகத் தெரிந்ததையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். நோட்டிலும் அதே வார்த்தைகள் ஊதா மையில் இருந்தன. பட்டியல் போடுகிறவர்களை வாழ்நாள் முழுக்கக் கிண்டல் செய்த மனுஷர், அன்றையிலிருந்து தினம் சாயங்காலம் போன் செய்கிறார். “என்னம்மா, பாஸ் பண்ணிட்டானா அவன்?”

இன்னும் பண்ணவில்லை. பதிலுக்கு இன்னொரு மின்னஞ்சல்தான் வந்தது. விவரணைக்கு மிக்க நன்றி, பார்த்த நேரம் குறிப்பிடப்படவில்லையே. நோட்டைப் புரட்டிப் பார்த்தோம். மணி எழுதவில்லை; ‘டீ குடித்த பின்’ என்றிருந்தது.

“மாமா, அப்பல்லாம் டீ எத்தனை மணிக்குக் குடிப்பீங்க?”

“வாத்தியாரையே கேளு.”

ஸ்பீக்கரில் போட்டாள். வாத்தியார் யோசிக்கவே இல்லை. “கடைக்காரன் எப்ப எந்திரிச்சானோ அப்பதாம்மா.”

6:30 என்று போட்டுவிட்டாள்.